இலையுதிர்காலத்தின் மணம்



வானொலி ஒலியைச் சுமந்து வரும். மணத்தைச் சுமந்து வாராது. ஆயினும் இன்று உங்களோடு மணத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். மல்லிகையின் மணமன்று, சந்தனத்தின் மணமன்று. நம் நாட்டில் இல்லாத ஒரு பருவத்தின் மணம். அமெரிக்க நாட்டின் வடகிழக்கே சிற்றூர் ஒன்றில் ஒரு பெண்மணி, தம் வீட்டு அறையிலேயே தனியொருவராக நறுமண எண்ணெய்களைக் கலந்து விற்கிறார். பெரிய தொழிற்சாலை இல்லை, பணியாளர் இல்லை, விளம்பரமும் இல்லை. அவர் கலந்த எண்ணெய்களுள் ஒன்று இலையுதிர்காலத்தை நினைவூட்டுவது. 5 மில்லிலிட்டர் கொள்ளும் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் அது அடங்கிவிடுகிறது. அந்நாட்டில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதனை எனக்கு அனுப்பி வைத்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வாசனை எண்ணெய் எதற்கு என்று நீங்கள் முறுவலிக்கக்கூடும். என் இல்லத்தாரும் முறுவலித்தனர். அதனை நான் ஏன் பூசிக்கொண்டேன், அது எனக்கு எதனைக் கற்பித்தது என்பவற்றைச் சொல்லுமுன், இலையுதிர்காலம் என்பது யாது என்று தெளிவோம்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் இலையுதிர்காலம் என்று தனியே ஒன்றில்லை. மேல்நாட்டார் அப்பெயரால் குறிக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலம் நமக்கு மழைக்காலம். ஐப்பசியில் நம் மரங்கள் தழைத்து நிற்கின்றன. நம் ஊர் வேம்பும் அரசும் இலைகளை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலுமே. அதற்குக் காரணம் குளிரன்று, வறட்சி. நிலத்தில் நீர் குறையும்போது, இலையின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதைத் தடுப்பதற்காக மரம் தன் இலைகளைத் துறக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கில் நிகழ்வது வேறு. செப்டம்பர் இறுதியில் அங்கே பகற்பொழுது விரைந்து சுருங்குகிறது. இரவில் குளிர் மிகுகிறது. இலைக்குப் பசுமை தரும் பச்சையம் சிதைந்து குறைகிறது. அதுவரை பச்சையத்தால் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள்கள் வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்ற மரங்களின் இலைகளில் செந்நிறப் பொருள் புதிதாகவும் உண்டாகிறது. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற படலம் ஒன்று வளர்ந்து, இலையை மரத்திலிருந்து பிரித்துவிடுகிறது. சில வாரங்களில் காடுகள் பொன்னும் குருதியுமாக நிறம் மாறி, பின்னர் வெறுங்கிளைகளாக நிற்கின்றன. இதுவே அவர்களுடைய இலையுதிர்காலம். இதனைப் படங்களில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் படத்திற்கு மணமில்லை அல்லவா?

இனி, அந்தக் குப்பி என்னிடம் வந்த காரணத்தைக் கூறுகிறேன். 2021ஆம் ஆண்டு மே திங்களில் கோவிட் நோய் என்னைப் பற்றியது. காய்ச்சல் பத்து நாளில் தணிந்தது. ஆனால் காய்ச்சலோடு மறைந்த மோப்ப உணர்வு மட்டும் திரும்பவில்லை. காப்பி வெறும் சுடுநீராயிற்று. ரசம் வெறும் புளிப்பாயிற்று. ஒருநாள் அடுப்பில் பால் கருகிப் புகைந்தது. அடுத்த அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினர். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். கசிவை நாம் அறியும்பொருட்டே எத்தில் மெர்காப்டன் என்னும் கெடுநாற்றப் பொருளை அதில் கலக்கின்றனர். மோப்ப உணர்வு இல்லாதவனுக்கு அந்தக் காவல் இல்லை. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறந்து மூன்று திங்களான பேரக்குழந்தையை அள்ளி உச்சி மோந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அன்றுதான் நான் இழந்தது எவ்வளவு பெரிது என்று உணர்ந்தேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எனக்கு ஆறுதல் கூறினார். மூக்கின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு படலத்தில் மணமறியும் நரம்பணுக்கள் உள்ளன. மூளையின் பெரும்பாலான நரம்பணுக்களைப் போலன்றி, இவை அழிந்தாலும் மீண்டும் தோன்றும் இயல்புடையவை. கோவிட் நோய்க்கிருமி பெரிதும் தாக்குவது, இந்த நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே என்பதும் ஆராய்ச்சியால் தெரியவந்துள்ளது. ஆகவே பலருக்கு இவ்வுணர்வு திரும்புகிறது. அதற்குத் துணைசெய்ய ஒரு பயிற்சியும் உண்டு. செருமனி நாட்டில் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த தாமஸ் ஹும்மல் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் 2009ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் மோந்து பழகவேண்டும். 12 வாரம் இடைவிடாது செய்யவேண்டும். அவ்வாறு பழகியவர்களுள் பலர் முன்னேற்றம் கண்டனர்.

நானும் பழகினேன். சில வாரங்களில் ஒரு சிக்கல் தோன்றிற்று. மல்லிகையை மோந்தால் மல்லிகை மணப்பது போலவே இருக்கும். எலுமிச்சையை மோந்தால் எலுமிச்சை மணப்பது போலவே இருக்கும். ஆனால் அது மூக்கு தந்த செய்தியா, நினைவு தந்த செய்தியா என்று பிரித்தறிய முடியவில்லை. அறுபது ஆண்டுப் பழக்கம் அல்லவா? விடையை மனப்பாடம் செய்துகொண்ட மாணவன், கணக்கைச் செய்தவன் போலவே எழுதிக் காட்டுவான். அவனுக்குக் கணக்குத் தெரியுமா என்பதை அறிய, விடை தெரியாத புதுக் கணக்கு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். தொலைபேசியில் பேசிய என் மாணவரிடம் இதனைச் சொன்னேன். "அப்படியானால், ஐயா, நீங்கள் ஒருபோதும் மோந்திராத ஒன்றை அனுப்புகிறேன்" என்றார். அவ்வாறு வந்ததே இந்த இலையுதிர்காலக் குப்பி.

குப்பியோடு ஓர் அட்டையும் வந்தது. எண்ணெயில் என்னென்ன மணங்கள் அமைந்துள்ளன என்பதை அப்பெண்மணி அதில் எழுதியிருந்தார். அதனை நான் படிக்கவில்லை. என் மனைவியாரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். நாள்தோறும் காலையில் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி பூசி, உடனே ஒருமுறையும், ஒரு மணி கழித்து ஒருமுறையும், மாலையில் ஒருமுறையும் மோந்து, தோன்றியதைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

முதல் வாரம் எழுதியது "ஒன்றுமில்லை" என்பதே. இரண்டாம் வாரத்தில் ஒரு காரம் புலப்பட்டது. அது கிராம்பின் காரம். ஆனால் அதனை நான் வெற்றியாகக் கொள்ளவில்லை. கிராம்பு, கற்பூரம், யூக்கலிப்டஸ் போன்றவை மணநரம்பை மட்டுமன்றி, முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் வேறொரு நரம்பையும் தூண்டுவன. மோப்பமே அற்றவரும் அக்காரத்தை ஓரளவு உணர்வர். ஐந்தாம் வாரத்தில் புகை வந்தது. விறகுப் புகை, அதுவும் தொலைவில் எரியும் விறகின் புகை. அன்று வீட்டில் எங்கும் புகை இல்லை. நினைவுக்கும் அங்கே வேலை இல்லை. மூக்கு தானாகவே சொன்ன முதற் செய்தி அது. அன்றைய குறிப்பின் கீழ் இரண்டு கோடுகள் இட்டேன்.

ஒன்பதாம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. காலையில் பூசிய எண்ணெய் மங்கி, தோலோடு ஒட்டிய அடிமணம் மட்டும் எஞ்சியிருந்தது. குளிர்ச்சியும் மண்ணும் கலந்த ஒரு மணம். இதனை எங்கோ அறிவேனே என்று நெடுநேரம் எண்ணினேன். கோடைக்காலத்துப் பள்ளி வராந்தா நினைவுக்கு வந்தது. அங்கே தொங்கிய நனைந்த தட்டி நினைவுக்கு வந்தது. வெட்டிவேர்! அமெரிக்க நாட்டு இலையுதிர்காலத்தில் நம் வெட்டிவேருக்கு என்ன வேலை என்று வியந்தேன். அதனை அடுத்துப் பன்னிரண்டாம் வாரத்தில் "மழையில் நனைந்து மக்கிய பழைய இலை" என்று எழுதினேன்.

பின்னர் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆப்பிள், இலவங்கப்பட்டை, கிராம்பு, விறகுப் புகை, வெட்டிவேர், பச்சௌலி என ஆறு பெயர்கள் இருந்தன. நான் மக்கிய இலை என்று எழுதியது பச்சௌலி. ஆக, ஆறில் நான்கு என் ஏட்டில் இருந்தன. இலவங்கப்பட்டை சில திங்கள் கழித்து அகப்பட்டது. ஆப்பிள் இன்றளவும் தெளிவாக அகப்படவில்லை. தேர்வில் முழு மதிப்பெண் இல்லை. ஆயினும் மாணவன் தேறிவிட்டான்.

மாணவ மாணவியரே, அந்தப் பட்டியலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். வெட்டிவேர் என்னும் நம் தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலம் சென்று, உலகின் மணப்பொருள் வாணிகம் முழுவதிலும் வழங்குகிறது. பச்சௌலி என்பது துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. அதன் பெயரும் தமிழிலிருந்து சென்றது என்றே ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற சால்வைகளை அந்து அரிக்காமலிருக்க, இந்த இலைகளை இடையே வைத்து அனுப்பினர். அதனால் அங்குள்ளோர்க்கு அம்மணமே நல்ல சால்வையின் அடையாளமாயிற்று. கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளிலும் அது விளைகிறது. 2021ஆம் ஆண்டில் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல இலவங்கப்பட்டைக்குப் பெயர்பெற்றது இலங்கை. குளிர்நாட்டு இலையுதிர்காலத்தைப் பாடும் அந்தக் குப்பியில் பெரும்பகுதி வெப்பநாட்டு வேரும் இலையும் மொட்டும் பட்டையுமே. உதிர்ந்த மேப்பிள் இலை ஒன்றுகூட அதில் இல்லை.

அப்படியாயின் அது பொய்யா? அன்று. உண்மையான இலையுதிர்காலம் எவ்வாறு மணக்கும் என்று என் மாணவரைக் கேட்டேன். அவர் ஒரு காட்டுப் பாதையில் நடந்து பார்த்து மடல் எழுதினார். உதிர்ந்த இலைகள் ஈரத்தில் மக்கும் மணம், மண்ணின் மணம், வீடுகளில் கணப்பு மூட்டும் புகை, ஆப்பிள் பிழியும் பண்ணைகளின் இனிப்பு, அடுமனைகளில் வேகும் பூசணிப் பணியாரத்தின் பட்டை கிராம்பு மணம் ஆகிய இவை யாவும் சேர்ந்ததே அங்கு இலையுதிர்காலம் என்று எழுதினார். பூங்காவில் கட்சுரா என்னும் சப்பானிய மரம் ஒன்று நிற்பதாகவும், அதன் பழுத்த இலைகள் காய்ச்சிய சருக்கரைப் பாகு போல மணப்பதாகவும் குறித்திருந்தார். அம்மணத்துக்குக் காரணம் மால்ட்டால் என்னும் பொருள். மண்ணின் மணத்துக்குச் சிறப்பான காரணம் ஜியாஸ்மின் என்னும் பொருள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன. 1965ஆம் ஆண்டில் கெர்பர், லெச்சவலியர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். ஓர் இலட்சம் கோடிப் பங்கு நீரில் சில பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு அதனை அறியும்.

சில மணங்களை நேரே வடித்தெடுக்கலாம். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில், முதல்மழை பெய்த மண்ணின் மணத்தையே வடிக்கின்றனர். சுட்ட களிமண் வட்டுகளைச் செப்புக் கலத்தில் நீரோடு இட்டு, வாய்மூடிக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கிற் குழாயின் வழியே சந்தன எண்ணெய் உள்ள கலத்துக்குள் செலுத்துகின்றனர். அதுவே மண் அத்தர். அங்கும் சிறு சிறு குடும்பங்களே இத்தொழிலைக் காத்து வருகின்றன. ஆனால் ஒரு பருவத்தை முழுவதுமாக எந்த வாலையிலும் வடிக்க முடியாது. புகையும் பழமும் மண்ணும் இலையும் அடுமனையும் ஒருங்கே அமையவேண்டுமானால், ஒருவர் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்து, துளி துளியாக அளந்து, மோந்து, மாற்றி, மீண்டும் மோந்து அமைக்கவேண்டும். ஓவியன் மஞ்சள் வண்ணத்தால் மாலை வெயிலைக் காட்டுகிறான்; வண்ணத்தில் வெயில் இல்லை. அதுபோலவே அப்பெண்மணியும் வெட்டிவேரால் தம் ஊர்க் காட்டு மண்ணைக் காட்டினார்.

அதனை எழுதப் பயன்படும் எழுத்துகள் நம் மூக்கிலேயே உள்ளன. மணப்பொருள்களை ஏற்கும் வாயில்கள் மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை. அவற்றை விளக்கும் ஆராய்ச்சிக்காக ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். ஒரு மணப்பொருள் பல வாயில்களைத் தட்டுகிறது. ஒரு வாயில் பல பொருள்களுக்குத் திறக்கிறது. தமிழெழுத்துகள் 247, அவற்றின் சேர்க்கையால் அமையும் சொற்களுக்கோ எல்லையில்லை. மணங்களும் அவ்வாறே. எழுத்துகள் அனைவர்க்கும் இயற்கையாக அமைந்தவை. படிப்பதோ பழகினால்தான் வரும்.

இத்தகைய எண்ணெயைப் பூசும் முறையையும் சொல்லவேண்டும். கடைகளில் தெளிப்பானில் விற்கும் மணநீர் பெரும்பாலும் சாராயத்தில் கரைத்தது. சாராயம் விரைந்து ஆவியாகி மணத்தை அறை முழுதும் பரப்பும். எண்ணெயில் கலந்தது மெல்லவே எழும்; அருகில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும்; நெடுநேரம் நிற்கும். பாலைநிலச் செடியாகிய ஜொஜோபாவின் வித்திலிருந்து எடுத்த நெய்யிலோ, எளிதில் சிக்கு வாடை அடையாதவாறு பிரித்தெடுத்த தேங்காயெண்ணெயிலோ கலப்பது வழக்கம். ஒரு துளியே போதும். முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் விட்டுவிடவேண்டும். பட்டை எண்ணெய், கிராம்பெண்ணெய் போன்றவற்றைக் கலக்காமல் நேரே தோலில் பூசலாகாது. அவை தோலைப் புண்ணாக்கும். குப்பியை வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும். வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் பூசாதிருத்தல் நன்று. சிலருக்கு மணமே தலைவலியையும் மூச்சிரைப்பையும் தரும்.

இரண்டாம் முறை வாங்கிய குப்பி முதற் குப்பியைப் போலவே மணக்கவில்லை. புகை சற்றுக் குறைந்து, வேர் சற்று மிகுந்திருந்தது. சிறு அளவில் கையால் கலப்பதில் இது நேரும். ஓராண்டு விளைந்த வேர் அடுத்த ஆண்டு வேரைப் போல் இராது. தொழிற்சாலை எண்ணெய் ஆண்டுதோறும் மாறாதிருப்பதைச் சிறப்பெனக் கொள்ளும். இதுவோ அந்த ஆண்டின் விளைச்சலை உள்ளவாறு சொல்கிறது. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் மூக்கைப் பழக்குவதற்கு இந்தச் சிறு வேறுபாடே நல்ல பாடம்.

நீங்கள் அயல்நாட்டுக் குப்பி வாங்கவேண்டும் என்பதற்காக இதனைக் கூறவில்லை. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியே போதும். கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் தங்கையோ தம்பியோ நீட்டும் பொருளை மோந்து பெயர் சொல்லிப் பாருங்கள். பெயர் எளிதில் வாராது. நாவின் நுனியில் நிற்கும். அப்போது சொல் தேடுங்கள். கமழ்தல் வேறு, நாறுதல் வேறு. புலவு, முடை, மொச்சை, மக்கல், கருகல், சிக்கு என்று நம் மொழியில் மணத்துக்கு எத்தனையோ சொற்கள் உண்டு. பயன்படுத்தாத சொல் மறையும்; சொல் மறைந்தால் அது குறித்த வேறுபாடும் நம் கருத்திலிருந்து மறையும். நாளொன்றுக்கு ஒரு மணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நோயால் மோப்பம் குன்றியவர் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், பயிற்சியில் துணைநில்லுங்கள். அத்துன்பம் வெளியே தெரிவதில்லை. ஆதலால் பிறர் அதனைப் பொருட்படுத்துவதும் இல்லை.

என் பேரக்குழந்தைக்கு இப்போது பள்ளி செல்லும் வயது. எண்ணெய் தடவிய அதன் தலையில் வெயிலின் மணம் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதனை நினைவு சொல்கிறதா, மூக்கு சொல்கிறதா என்ற ஐயம் எனக்கு இல்லை. ஏனெனில், ஒருபோதும் கண்டிராத ஒரு நாட்டின் இலையுதிர்காலத்தைத் துளித்துளியாகப் படித்து, என் மூக்கு தன் எழுத்தறிவை மெய்ப்பித்திருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் பள்ளியில் பாடம் வைத்திருக்கிறோம். மூக்கும் ஒரு மாணவனே. பொறுமையோடு கற்பித்தால் அதுவும் கற்கும்.